பெரிய வெள்ளிக்குக் காளான்

கம்பஹா பக்கத்தில் ஒரு விவசாய அலுவலகம் நடத்திய ஒருநாள் வகுப்புக்கு நான் போனது வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான். "கிராமப் பகுதிகளில் உணவு உற்பத்தி வாய்ப்புகள்" என்று வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். வந்திருந்தவர்கள் எல்லாரும் காணி உள்ளவர்கள். தந்த படிவத்தில் காணியின் அளவு என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் இரண்டு ஏக்கர் என்று எழுதினார். அவருக்கு அடுத்தவர் அரை ஏக்கர் என்று எழுதிவிட்டு, தென்னை எத்தனை நிற்கிறது என்பதையும் ஓரத்தில் சேர்த்தார். நான் நன்றாக யோசித்து, "கொட்டாஞ்சேனையில் ஒரு அறை" என்று எழுதினேன்.

படிவங்களைப் பார்த்துக்கொண்டு வந்த அலுவலர் என்னுடையதில் நின்றுவிட்டார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்து முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் காளான் என்று சொல்லிவிட்டு, அடுத்தவரின் ஆடுகளைப் பற்றி விசாரிக்கப் போய்விட்டார். என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் வழி காட்டியதில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் நான் இளித்துக்கொண்டே வந்தேன்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள் நான். பொருளாதாரம் கவிழ்ந்து நாடு விழுந்த நேரத்தில் அந்த அலுவலகமும் விழுந்தது. அதன்பிறகு கொட்டாஞ்சேனை வீட்டின் மேல்மாடியில் இருந்து தெருவைப் பார்ப்பதும் டிவியைப் பார்ப்பதுமாக இரண்டு வருடம் போயிருந்தது. என் கணவர் துறைமுகத்தில் எழுதுவினைஞர். காலையில் போனால் மாலையில்தான் வருவார். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் மாமாவும். மாமா என்றால் கணவரின் அப்பா. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் உயரத்தில் தனியாக இருந்து பழகியதாலோ என்னவோ, அவர் அதிகம் கதைக்க மாட்டார்.

நான் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த சைவக்காரி. அவர்கள் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். எங்கள் கலியாணத்தன்று என் அம்மாவும் மாமாவும் ஒரே படத்தில் நின்றார்கள். அதற்குப் பிறகு பதினொரு வருடமாக இருவரும் என் மூலமாகத்தான் சுகம் விசாரித்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. அவரைக் கூப்பிட்டால் என்ன சமைப்பது என்று அம்மாவுக்குப் பயம், போனால் என்ன தருவார்கள் என்று மாமாவுக்குப் பயம், அவ்வளவுதான்.

எனக்குத் தேவைப்பட்ட அறை வீட்டின் கீழ்த்தட்டில், குறுகிய ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தது. பழைய சாமான்களும் விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய சட்டிகளும் அங்கேதான் கிடந்தன. அதை வாடகைக்குத் தரும்படி பக்கத்து ஒழுங்கையில் ஓட்டோ உதிரிப்பாகம் விற்கிற ஒருவர் மாதக்கணக்காக மாமாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாவி மாமாவின் இடுப்பில், கறுப்பு நூலில். நான் போய்க் காளான் என்றதும் மாமா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் வச்சிருங்க மகள். அதுக்குள்ள ஏதும் முளைச்சா அறை உங்களுக்கு. முளைக்காட்டி அடுத்த நாள் திங்கட்கிழமை சாவியை அந்த ஆளுக்குக் குடுத்திடுவன்."

அது தவக்காலத்தின் தொடக்கம். நாள் போதும். எனக்கு அந்த அறை வேண்டும். அது இல்லையென்றால் மறுபடி மேல்மாடி, மறுபடி டிவி.

அன்றிரவு படுக்கையில்தான் பெரிய திட்டம் உதித்தது. கொட்டாஞ்சேனையில் தவக்காலம் முழுவதும் பல வீடுகளில் இறைச்சி இல்லை. பெரிய வெள்ளியன்று மீனும் தொடாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. நாற்பது நாளாக, ஆறு கிழமை சோயாமீற் தின்று நாக்குச் செத்துப்போன சனத்துக்கு, பெரிய வெள்ளிக்கு முதல்நாள் காளானைக் கொண்டுபோய் நீட்டினால் எப்படி இருக்கும்? கணவரைத் தட்டி எழுப்பிச் சொன்னேன். நல்ல யோசனை என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். சைவக்காரியான நான் அடுத்த நாளே கத்தோலிக்கக் கோயில் நாட்காட்டியை வாங்கி, ஆயரைவிடக் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன்.

காளான் பைகளை ஹெந்தளையில் ஒரு அம்மா செய்து விற்றார். றப்பர் மரத்தூளையும் தவிட்டையும் பொலித்தீன் பையில் இறுக்கி அடைத்து, பீப்பாவில் அவித்து, ஆறியபின் காளான் வித்துகளை இடுவார். சில கிழமைகளில் பை முழுவதும் தயிர் உறைந்த மாதிரி வெளுத்துவிடும். வெளுத்த பையை வாங்கி வந்து பிளேடால் கீறித் தண்ணீர் தெளித்தால், ஒரு கிழமைக்குள் கீறலால் காளான் எட்டிப் பார்க்கும். இருநூறு பைகள் வாங்கினேன். சின்ன லொறி ஒழுங்கைக்குள் வர முடியாமல் முனையில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் பைகளைக் குழந்தைகளைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒழுங்கையே வாசலுக்கு வந்து பார்த்தது.

பார்த்தவர்களிடமெல்லாம் நான் ஓடர் எடுத்தேன். என் வாய் சும்மா இருக்காது. முப்பது வீடு சேர்ந்துவிட்டது. பெரிய வெள்ளியிலிருந்து பின்னோக்கி எண்ணி, முந்தின வெள்ளிக்கிழமை இருநூறு பைகளையும் கீறினேன். வியாழக்கிழமை அறுவடை. கணக்கில் ஒரு நாள் பிசகு இல்லை.

சனி ஒன்றும் இல்லை. குருத்து ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடிந்ததும் விடியாததுமாகக் கீழே போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீறல்கள் காய்ந்த உதடு மாதிரி வெடித்துக் கிடந்தன. புதன்கிழமை அறைக்குள் நின்றபடியே ஹெந்தளை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் வித்துச் சரியில்லை என்று பாய்ந்தேன். அவர் கோபப்படவில்லை. ஜன்னல் திறந்துதானே கிடக்கிறது என்று கேட்டார். திறந்துதான் என்று சொல்ல வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தேன்.

ஜன்னல் இருந்த இடத்தில் பலகை இருந்தது. அதன்மேல் மாமா தன் பழைய மழை அங்கியையும் தொங்கவிட்டிருந்தார். பைகள் வந்த அன்றே, பூனை வந்து கிழித்துவிடும் என்று அவர் பலகையை வைத்து நல்ல நீள ஆணிகளாக அறைந்திருக்கிறார். இருட்டு காளானுக்கு நல்லது என்று நினைத்து நான் இருட்டு எங்கேயிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை. இருநூறு பைகளும் கீறிய பிறகும் ஐந்து நாளாக மூச்சு விட வழியில்லாமல், அடுப்புக்குள் இருப்பது போல இருந்திருக்கின்றன. வகுப்பில் அந்த அலுவலர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி ஜன்னல்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் காகிதம் தாங்காது. சுத்தியலை எடுத்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினேன். பலகைகளை முற்றத்தில் எறிந்தேன். பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளிச் சுவரில், நிலத்தில், கூரையில், பைகளின்மேல் என்று ஊற்றினேன். மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு மேலே போனார். வியாழக்கிழமை முப்பது வீட்டுக்கும் நானே நடந்துபோய், காளான் வராது என்று சொன்னேன். ஒரு வீட்டில், பரவாயில்லை மகள், சோயாமீற் இருக்கு என்று என் முதுகைத் தடவினார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பெரிய வெள்ளி காலையில் தண்ணீர் தெளிக்கப் போனேன். அறைக்கதவு பூட்டியிருந்தது. மாமா கறுப்புக் கால்சட்டையுடன் கோயிலுக்கு ஆயத்தமாக நின்றார். அந்த வீட்டில் பெரிய வெள்ளியன்று கத்தி எடுக்கக் கூடாது, சுத்தியல் தொடக் கூடாது, விளக்குமாறுகூடத் தூக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெளிப்பது வேலையில் சேராது என்று வாதாடினேன்.

"ஆண்டவர் சிலுவையில இருக்கிற நாள் மகள். இண்டைக்கு ஒருத்தருக்கும் வேலை இல்ல. உங்கட காளானுக்கும் லீவு."

நான் மேலே போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். அந்தச் சத்தமும் அன்றைக்குக் கூடாதாம். சனிக்கிழமை பின்னேரம் இடி இடித்துக் கொழும்பு மழை ஒன்று கொட்டு கொட்டென்று கொட்டியது. திறந்த ஜன்னலால் சாரல் அடித்து அறை வெள்ளமாகும் என்று தெரிந்தும் நான் சாவி கேட்கப் போகவில்லை. அறை போய்விட்டது என்றே மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். உதிரிப்பாகக்காரர் தன் பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டார் என்று கணவர் சொன்னார். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு என்ன என்று அவரோடும் முகத்தைத் தூக்கினேன்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு மூன்று பேரும் போனோம். கோயில் வாசலில் கைப்பைகளைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பெரிய சட்டி எடுக்கக் கீழே போனார். நாற்பது நாள் இறைச்சி தொடாதவர். ஈஸ்டர் பன்றிக்கறியை வேறு யாரையும் சமைக்க விடமாட்டார். சரக்குப் பிரட்டிய இறைச்சி முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியில் தயாராக இருந்தது.

போனவர் வரவில்லை. தேநீர் ஆறிவிட்டது. பிறகு கீழேயிருந்து மெதுவாக, பூசைக்குள் கதைக்கிற குரலில், "மகள், கொஞ்சம் இறங்கி வாங்க" என்றார்.

அறை முழுவதும் வெள்ளை. ஒவ்வொரு பையின் ஒவ்வொரு கீறலிலும் காளான் கொத்துக் கொத்தாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, என் உள்ளங்கை அகலத்தில் விரிந்து நின்றது. நடக்க இடம் விடாமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலால் வெயில் விழுந்த பக்கத்தில் ஈரம் மின்னியது. மாமா சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்றார். நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. அழுதேனா சிரித்தேனா என்று கணவர் இன்றைக்கும் கேட்கிறார், எனக்கே தெரியாது. தான் செபித்ததால் வந்தது என்றார் மாமா. நான் பலகையைப் பிடுங்கித் தண்ணீர் ஊற்றியதால் வந்தது என்றேன் நான். மழையால் வந்தது என்றார் கணவர். அவரை இருவரும் பேசவே விடவில்லை.

அரை மணி நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. கிலோக் கணக்கில் காளான், அதுவும் ஈஸ்டர் அன்று. தவக்காலம் முடிந்துவிட்டது. ஒழுங்கை முழுவதும் கோழியும் ஆடும் பன்றியும் கொதிக்கிற வாசனை. இன்று கொட்டாஞ்சேனையில் காளான் தின்னப் பைத்தியக்காரனும் வரமாட்டான். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அது தாங்கவும் தாங்காது. இருந்தாலும் கணவர் நம்பிக்கையோடு பத்துப் பைக்கற்றுகளை எடுத்துக்கொண்டு போனார். போனவர் மூன்று தட்டு பிரியாணியும் ஒரு கேக் துண்டும், பத்துப் பைக்கற்று காளானுமாகத் திரும்பி வந்தார். முளைத்தால் போதும் என்றுதான் பேச்சு, விற்கவேண்டும் என்று அவர் சொல்லவில்லை என்று நான் மாமாவுக்கு ஞாபகப்படுத்தினேன். மாமா சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்காத காளானை வைத்து ஒரு அறையைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்கும் வெட்கமாக இருந்தது.

அப்போது அம்மாவின் தொலைபேசி வந்தது. அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒவ்வொரு ஈஸ்டர் காலையிலும் அம்மா எடுப்பா. கோயிலால் வந்திட்டியளோ என்று கேட்பா, ஓம் என்றதும் வைத்துவிடுவா. இந்த முறை வைக்கவில்லை.

"நாளைக்குக் கடைசிப் பங்குனித் திங்கள் எல்லோ. அம்மன் கோயிலுக்கு வாறியோ, இல்லாட்டி வேதக்காரரோட சேர்ந்து அதையும் மறந்திட்டியோ?"

மறந்துதான் போயிருந்தேன். ஆயர் இல்லத்து நாட்காட்டியை மனப்பாடம் செய்தவள், பிறந்ததிலிருந்து பிடித்த பங்குனித் திங்கள் விரதத்தைத் துப்புரவாக மறந்துவிட்டேன். நாளைக்கு வெள்ளவத்தை முழுவதும் சைவம். அம்மாவின் தொடர்மாடியில் மட்டும் நாற்பது குடும்பம். நான் மூச்சு விடாமல் காளான் கதையைச் சொன்னேன்.

"காளான் மச்ச மாமிசம் மாதிரி எண்டெல்லோ சொல்லுறவை. விரத நாளில எப்பிடிப் பிள்ளை?"

எங்கள் அம்மா காளானை வீட்டுக்குள் விட்டதே இல்லை. நான் வாயைத் திறக்கும்முன் மாமா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிவிட்டார். பதினொரு வருடத்தில் அவர் என் அம்மாவோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தியம்மா, இதுக்குக் கண்ணில்ல, ரத்தமில்ல. நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான், மரத்தூளில இருந்துதான் வந்திச்சு. இறைச்சி மாதிரியா எண்டு என்னைக் கேளுங்க. எனக்கு இறைச்சி தெரியும்."

அம்மா என்ன சொன்னா என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா மட்டும் ஓம், ஓம், சரி, சரி என்று தலையாட்டினார். பிறகு தொலைபேசியைத் தந்துவிட்டு அம்மாவின் நிபந்தனையைச் சொன்னார். காளான் சைவம்தான், அம்மா ஒத்துக்கொண்டா. தன் பஜனைக் குழுவின் வட்ஸ்அப்பில் போடுவா. ஆனால் பன்றியோ வேறு இறைச்சியோ தொட்ட கையால் அதைப் பிடுங்கக் கூடாது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கணவர் பிரியாணித் தட்டைப் பார்த்தார். மாமா பெரிய சட்டியைத் திரும்பக் கொண்டுபோய்ச் சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

"நாற்பது நாள் பொறுத்தாச்சு. இன்னும் நாலு மணித்தியாலம் என்ன," என்றார்.

கை கால் கழுவி வந்து நிலத்தில் சப்பணமிட்டு இருந்தார். காளானை வெட்டக் கூடாது, அடியில் பிடித்து மெல்லத் திருகினால் கொத்தாகக் கழன்று வரும். ஒருமுறை காட்டிக் கொடுத்தேன். பாரந்தூக்கி ஓட்டிய அந்தப் பெரிய கைகளால் அவர் ஒரு குடைகூட உடையாமல் கழற்றினார். அவர் பக்கம் வேகமா என் பக்கம் வேகமா என்று போட்டி வந்தது. மேலே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் தின்று முடித்துப் படுத்துவிட்ட நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் பசியில் கிறுகிறுத்து, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டு பைக்கற்று கட்டினோம். பன்றிக்கறி அன்று இருட்டுப்படுகிற நேரத்தில்தான் அடுப்பில் ஏறியது. மாமா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

திங்கள் காலை ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனோம். கணவருக்கு வேலை. மாமா தானாகவே வந்து ஏறினார். அம்மாவின் தொடர்மாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடிக்குக் கூடைகளை மாமாதான் தூக்கினார். இரண்டாம் மாடி தாண்டும்போதே பாதி போய்விட்டது. நனைந்த தலைமுடியும் திருநீறுமாகப் பெண்கள் படிகளில் இறங்கி வந்து வாங்கினார்கள். சைவம்தானே என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமாவே பதில் சொன்னார். கழுத்தில் செபமாலை போட்ட ஒருவர் இவ்வளவு உறுதியாகச் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் கூடைகள் வெறுமையாகிவிட்டன.

அம்மா எங்களுக்கென்று ஒரு பைக்கற்று எடுத்து வைத்துப் பால்கறி வைத்திருந்தா. மாமாவுக்கு வாழையிலை போட்டா. அவர் கதிரை நுனியில் இருந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா தன் பங்கில் ஒரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டா. இன்னும் கொஞ்சம் போடவோ என்று அவரிடம் கேட்டா. போடுங்க என்றார். பதினொரு வருடமாக அவர்களுக்கு நடுவில் நின்று செய்தி காவியவள், வாயை மூடிக்கொண்டு அப்பளம் நொறுக்கினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது உதிரிப்பாகக்காரர் அறை வாசற்படியில் இருந்தார். பெயின்ட் காயாத பெயர்ப்பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அறை யாருக்கு என்று மாமாவிடம் அதுவரை நான் நேரே கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். பறித்த இடங்களில் மறுபடியும் கடுகு கடுகாக மொட்டு வைத்திருந்தது. அந்த மனிதர் எட்டிப் பார்த்தார்.

"மல்லி, காமரே தென்ன பே," என்றார் மாமா. "மினிஸ்சு இன்னவா."

தம்பி, அறை தர ஏலாது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மனிதர் அந்த ஆட்களை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். மாமா வீட்டில் மிச்சம் வைத்திருந்த கடைசி ஒரு பைக்கற்று காளானை அவர் கையில் வைத்தார். அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு மாமா கறுப்பு நூலின் முடிச்சை அவிழ்த்தார். நகம் தேய்ந்த விரல்கள், நேரம் எடுத்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, சட்டி எடுக்க வேண்டுமென்றால் இனி உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே படுக்கப் போனார்.

கொள்ளுப்பிட்டியில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். ஒரு அறையின் சாவியை என் கையில் யாரும் தந்ததில்லை. அன்று பின்னேரம் எந்தத் தேவையும் இல்லாமல் நான் அந்தக் கதவை மூன்று தடவை பூட்டித் திறந்தேன்.